ஹாரி பிரவுன் (2009): கிழவர் கோட்டைத் தாண்டியது எந்தக் கொலையில்?

#1 கடைசிரீல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே முழுக் கதையும் உடைபடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

டேனியல் பார்பர் இயக்கம், கேரி யங் எழுத்து, மைக்கேல் கெய்ன். இந்தப் படத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே ‘கிழவர் செய்தது சரி’, ‘தப்பு’ என்று இரண்டு கட்சி பிரிந்து பத்தாவது பதிவில் கைகலப்பில் முடியும். இந்த முறை கொலைகளைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம். படம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கையில் தருகிறது. அவிழ்த்தால் ஒவ்வொன்றும் வேறு வேறு சரக்கு.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: ஹாரி, ஓய்வூதியக்காரர், வட அயர்லாந்தில் பணியாற்றிய முன்னாள் ராயல் மரீன். லண்டனில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்துச் சுரங்கப்பாதையில் ஒரு கும்பல் கூடாரம் போட்டிருப்பதால் சுற்றுவழியில் நடக்கிறார், அதனால் மனைவியின் கடைசி மூச்சுக்கு மருத்துவமனை போய்ச் சேர முடியவில்லை. பிறகு சதுரங்கக் கூட்டாளி லென் அதே சுரங்கத்தில் கொல்லப்படுகிறார். போலீஸ் கையை விரிக்கிறது. ஹாரி கிளம்புகிறார்.

அவர் கையால் போனவர்கள்: கத்தி காட்டி வழிப்பறி செய்த டீன். துப்பாக்கி விற்கும் கென்னி, ஸ்ட்ரெச். காருக்குள் இருந்த போதை வியாபாரி. சுரங்கப்பாதையில் கும்பலைச் சேர்ந்த கார்ல். கடைசியில் கும்பல் தலைவன் நோயல். ஆறு பேர். எந்த இடத்தில் நீங்கள் ஹாரியை விட்டு விலகினீர்கள்?

#2 நெத்தியடி

விலகவே இல்லை. படம் ஆரம்பித்து இரண்டு நிமிடத்தில் பூங்காவில் தள்ளுவண்டியோடு நிற்கும் ஒரு தாயைச் சும்மா விளையாட்டுக்குச் சுடுகிறார்கள். லென்னைப் பல நாள் சித்திரவதை செய்து கொல்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஃப்ராம்ப்டன் வீடு தேடி வந்து சொல்வது என்ன? லென் கையில் பழைய துப்பாக்கி முனைக் கத்தி இருந்தது, அதனாலேயே குத்துப்பட்டார், பையன்கள் தற்காப்பு என்று சொன்னால் கொலை வழக்கு நோக்கமில்லாக் கொலையாகச் சுருங்கிவிடும் என்று. இதைக் கேட்ட பிறகும் சட்டத்தை நம்பு என்றால் யாருக்கு நம்பிக்கை வரும்?

#3 குறுக்குவிசாரணை

நெத்தியடி, நீங்கள் சொன்ன அந்த வசனத்திலேயே ஓட்டை இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டத்தில் தற்காப்பு வென்றால் முழு விடுதலை, தோற்றால் முழுக் கொலைக் குற்றம். நடுவில் ‘தற்காப்பு, ஆனால் கொஞ்சம் அதிகம், ஆகவே நோக்கமில்லாக் கொலை’ என்று ஒரு படி கிடையாது. 1995ல், அன்றைக்கு உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை க்ளெக் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெல்ஃபாஸ்ட்டில் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போய்விட்ட காரை நோக்கிச் சுட்ட படைவீரனின் வழக்கு அது. (பிற்பாடு புதிய ஆதாரம் வந்து அவர்மீதான கொலைத் தீர்ப்பு ரத்தானது வேறு கதை, சட்டம் மாறவில்லை.) வட அயர்லாந்தில் சீருடை போட்ட ஹாரிக்கு வழக்கின் முடிவு தெரியாமல் போயிருக்கலாம், துப்பறியும் இன்ஸ்பெக்டருக்குமா?

அதோடு, தாங்களே சண்டையை மூட்டி, எதிராளி ஆயுதம் எடுக்கும் நிலைக்குத் தள்ளிவிட்டு ‘பயந்து குத்தினோம்’ என்று நாலு பேர் சொன்னால் ஜூரி அவ்வளவு சுலபமாக விழுங்காது. ஆக, ‘சட்டம் கைவிட்டது’ என்று படம் நம்மை நம்பவைக்கும் அடிக்கல்லே தவறான ஒரு சட்ட வரியில் நிற்கிறது. அதற்காக லென்னும் சுத்தம் என்று சொல்ல முடியாது. பொது இடத்தில் காரணமில்லாமல் கத்தி வைத்திருப்பது 1988 சட்டத்தின் 139ம் பிரிவில் குற்றம், இன்று உச்சத் தண்டனை 4 ஆண்டு. ‘பயமாக இருந்தது’ என்பது பொதுவாக நல்ல காரணமாக ஏற்கப்படாது.

சரி, கொலைகளுக்கு வருகிறேன்.

டீன்: கழுத்துக்கு நேரே கத்தி. ஹாரி அதைப் பிடுங்கித் திருப்பிவிடுகிறார். தற்காப்பைப் பற்றிய 2008 சட்டத்தின் 76ம் பிரிவு இரண்டு கேள்விதான் கேட்கும். ஆபத்து இருக்கிறது என்று உண்மையாகவே நம்பினாரா? அப்படி நம்பிய சூழலில் அந்தப் பலம் நியாயமானதா? ‘அந்த நொடியில் தராசு வைத்து நிறுக்க முடியாது’ என்பதையும் அந்தப் பிரிவே ஒப்புக்கொள்கிறது. குடித்திருந்தாரே என்பீர்கள். குடிபோதையில் இல்லாத ஆபத்தை இருப்பதாக நினைத்திருந்தால் அது எடுபடாது. இங்கே கத்தி நிஜம், ஆகவே போதை அவருக்குக் கெடுதல் செய்யாது. தற்காப்பு இல்லை என்று நிரூபிக்கும் சுமையும் அரசுத் தரப்பில்தான்.

அவர் செய்த பிழை அதற்குப் பிறகு. அவசர எண் 999க்குப் போன் பண்ணாமல் வீட்டுக்குப் போய் இரத்தத்தைக் கழுவுகிறார். இதைக் குற்றத்துக்கான சான்றாக அரசுத் தரப்பு காட்டும். மறைத்ததற்கு அச்சம், அவமானம், குழப்பம் என வேறு காரணமும் இருக்கலாம் என்று நீதிபதி ஜூரியை எச்சரிக்க வேண்டும். போலீஸ் கேட்கும்போது சொல்லாததை நீதிமன்றத்தில் புதிதாகச் சொன்னாலும் 1994 சட்டப்படி பாதகமாக எடுத்துக்கொள்ளலாம். இத்தனை இருந்தும் டீன் விஷயத்தில் ஹாரி வெளியே வந்துவிடுவார் என்றே நினைக்கிறேன்.

கென்னியும் ஸ்ட்ரெச்சும்: இங்கே பேச ஒன்றுமில்லை, கொலை. துப்பாக்கி வாங்கவென்றே போனார். அடிபட்டுக் கிடப்பவன் சாகும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். அங்கே மயங்கிக் கிடந்த பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார் என்பது தண்டனைக் காலத்தில் ஒரு வரி குறைக்கும், தீர்ப்பை மாற்றாது.

கடைசியாக நோயல்: இதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நோயல் ஃப்ராம்ப்டனின் கழுத்தை நெரித்துக்கொண்டிருக்கும்போது சுடுகிறார். இன்னொருவர் உயிரைக் காக்க, நடந்துகொண்டிருக்கும் குற்றத்தைத் தடுக்க நியாயமான பலம்: 1967 சட்டத்தின் 3ம் பிரிவு. சட்டப்படியே சரி. கையில் இருந்த கைத்துப்பாக்கிதான் மாட்டிவிடும். டன்ப்ளேன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு 1997ல் அநேகமாக எல்லாக் கைத்துப்பாக்கியும் தடை. வைத்திருந்தாலே குறைந்தபட்சம் 5 ஆண்டு, விதிவிலக்கான சூழல் இருந்தாலன்றி.

ஆக முதலும் கடைசியும் நிற்கும். நடுவில் இருப்பது எல்லாம் விழும். படத்தில் முதல் கொலைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு மலை இருக்கிறது. இசையும் கெய்னின் முகமும் சேர்ந்து அதைத் தரைமட்டமாக்கிவிடுகின்றன.

#4 பிலிம்சுருள்

தரைமட்டமாக்கியது எப்படி என்று என் பங்குக்கு.

முதல் காட்சியைப் பாருங்கள். கைப்பேசியில் எடுத்த மங்கலான காட்சி, ஒலி உடைகிறது, முகம் சரியாகத் தெரியாது. பைக்கில் வந்து தாயைச் சுட்டவர்கள் அடுத்த நிமிடமே லாரியில் மோதிச் சாகிறார்கள். கதையில் அவர்களுக்கு வேறு வேலையே இல்லை. அந்தக் காட்சியைக் கத்தரித்தாலும் லென் சாவான், ஹாரி கிளம்புவார், ஒரு முடிச்சும் அவிழாது. அப்புறம் ஏன் வைத்தார்கள்? நெத்தியடி இரண்டாவது பதிவில் அதையே முதல் சாட்சியாகக் கூப்பிட்டாரே, அதற்காகத்தான். கும்பலில் யாரைப் பார்த்தாலும் அந்தத் தள்ளுவண்டி நினைவுக்கு வரும். செய்தவன் வேறு, தண்டனை வாங்குகிறவன் வேறு.

அடுத்து ஹாரியைக் காட்டும் விதம். கேமரா அசையாது. படுக்கையில் விழிப்பது, ஒற்றைக் கோப்பை, காலியான மறுபாதிக் கட்டில், எல்லாம் நிலைச்சட்டகம், மங்கிய பழுப்பு. கும்பல் வரும்போது தூரத்திலிருந்து, ஜன்னல் வழியே, மேலிருந்து கீழே. அவர்கள் வீட்டுக்குள் கேமரா போவதே அபூர்வம். யாருக்கு வீடு இருக்கிறதோ அவனுக்குத்தான் பார்வையாளன் அழுவான்.

ஆனால் ஸ்ட்ரெச் காட்சி அசல் சினிமா, அதை மறுக்க முடியாது. கஞ்சாச் செடி வளர்க்கும் அறையின் விளக்கு வெப்பம், ஷான் ஹாரிஸின் வெற்று உடம்பு முழுக்கத் தழும்பு, பச்சை. பேரம் இழுத்துக்கொண்டே போகிறது. ஸ்ட்ரெச் சுட முயலும்போது துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது, ‘ஆயுதத்தைப் பராமரிக்கத் தவறிவிட்டாய்’ என்கிறார் ஹாரி. இது வெறும் பஞ்ச் வசனம் இல்லை. தானாகத் தோட்டா மாற்றும் துப்பாக்கியில் ஒவ்வொரு சூட்டுக்கும் பின்பகுதி பின்னால் போய், காலிக் குப்பியைத் துப்பி, அடுத்ததை ஏற்றி மூட வேண்டும். அழுக்கு, காய்ந்த எண்ணெய், பழைய தோட்டா, எது இருந்தாலும் அந்தச் சுற்று பாதியில் நிற்கும். சுழல்துப்பாக்கிக்கு அந்த நோய் இல்லை, விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்துவிடும். கடைசிக் காட்சியில் ஹாரி மறைத்து வைத்திருப்பது சுழல்துப்பாக்கி. பாத்திரத்துக்குப் பொருத்தமாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

#5 நெத்தியடி

சரி, முதல் காட்சியை விட்டுவிடுகிறேன். சட்ட வரி தப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஆதாரம் இல்லையே? நாலு பேரையும் விசாரணை அறைக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். நோயல் சிரிக்கிறான், இன்னொருவன் கெட்ட வார்த்தை பேசுகிறான், மார்க்கி வாயே திறக்கவில்லை. சாட்சி சொல்ல அந்தக் குடியிருப்பில் ஒருவரும் வரமாட்டார். சட்டப்புத்தகத்தில் ஆயிரம் பிரிவு இருந்து என்ன பயன்?

#6 குறுக்குவிசாரணை

ஆதாரம் இருந்தது, நெத்தியடி. அதுவும் ஹாரி கையிலேயே.

மார்க்கியைக் கட்டிவைத்து வதைக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். அவன் கைப்பேசியில் லென் கொலையின் வீடியோ. யார் யார் இருந்தார்கள், யார் என்ன செய்தார்கள், எல்லாம். ஹாரி அதைப் பார்க்கிறார். படத்தின் ஒழுக்கக் கேள்வி முழுவதும் அந்த இடத்தில்தான் இருக்கிறது, படமோ அதை வேகமாகத் தாண்டிவிடுகிறது.

‘அடித்து வாங்கிய ஆதாரம் செல்லாதே’ என்பது பலரின் நினைப்பு. அமெரிக்கப் படங்கள் பார்த்த பழக்கம். இங்கிலாந்தில் 1984ம் ஆண்டு போலீஸ் மற்றும் குற்றச் சான்றுச் சட்டம் இருக்கிறது, அதிலும் 76ம் பிரிவுதான், மேலே சொன்ன 76ஓடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒடுக்கி வாங்கிய வாக்குமூலத்தை அது தள்ளிவிடும், வாங்கியவர் போலீஸாக இல்லாவிட்டாலும். அதாவது மார்க்கி வலியில் உளறியது போச்சு. ஆனால் அதே பிரிவின் 4ம் உட்பிரிவு, அந்த வாக்குமூலத்தால் கண்டுபிடிக்கப்பட்ட பொருள் செல்லும் என்கிறது. வீடியோ வாக்குமூலம் அல்ல, பொருள். நியாயமற்றது என்று தள்ள 78ம் பிரிவில் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கொலையையே காட்டும் பதிவை, போலீஸ் சம்பந்தப்படாத அத்துமீறலுக்காகத் தள்ளுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, படம் வந்தது 2009. அப்போது கூட்டுக்குற்ற விதி இப்போதையதைவிடக் கடுமை. கூட்டாளி கொல்லக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்து கூடப் போயிருந்தாலே கொலைக் குற்றம் ஒட்டிக்கொள்ளும். 2016ல் ஜோகி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அந்த வழி தவறு என்று சொல்லித் திருத்தியது. ஆக, அந்த வீடியோவை ஒரு உறையில் போட்டு ஃப்ராம்ப்டனிடம் கொடுத்திருந்தால் நோயல், கார்ல், படம் பிடித்தவன் எல்லாருமே ஆயுள் தண்டனை வாசலில் நின்றிருப்பார்கள். டீன் கொலைக்கு ஹாரிக்குத் தற்காப்பு என்ற கதவும் திறந்தேதான் இருந்தது. கென்னி, ஸ்ட்ரெச், போதை வியாபாரி கணக்கு மட்டும் ஹாரி தலையில் விழுந்திருக்கும். அதைத் தவிர்க்கத்தான் கொடுக்கவில்லை என்று படம் சொல்லியிருந்தால் அது வேறு தரத்துப் படம்.

சொல்லவில்லை. கைப்பேசியை வைத்துக்கொண்டு, மார்க்கியைத் தூண்டில் புழுவாகச் சுரங்கப்பாதையில் நிறுத்துகிறார். அங்கே நடந்த சூட்டில் கார்லும் மார்க்கியும் சாகிறார்கள். யாருடைய குண்டு என்பது இரண்டாம் கேள்வி. 1983ல் பாஜெட் வழக்கு: ஒருவன் ஒரு பெண்ணைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு போலீஸை நோக்கிச் சுட்டான், போலீஸ் திருப்பிச் சுட்டதில் அந்தப் பெண் செத்தாள். சுட்டது போலீஸ், குற்றவாளி அவன். கட்டாயப்படுத்தி ஒருவரைத் துப்பாக்கிகளுக்கு நடுவில் நிறுத்தினால், எந்தப் பக்கக் குண்டு பட்டாலும் கணக்கு நிறுத்தியவர் பேரில்தான்.

#7 தேம்ஸ்கரை

வீடமைப்புப் பக்கத்தை ஒருத்தரும் கதைக்கேல்லை, அதனால நான்.

படம் எடுத்த இடம் தென் லண்டன் வால்வர்த்தில இருந்த ஹேகேட் குடியிருப்பு. 1974ல கட்டி முடிச்சது, கிட்டத்தட்ட 1,200 வீடு. படப்பிடிப்பு நடக்கேக்க கனபேரை ஏற்கெனவே எழுப்பி வேற இடங்களுக்கு அனுப்பிப்போட்டினம். நீங்கள் படத்தில பாக்கிற இருட்டு ஜன்னல், ஆளில்லாத மேம்பால நடைபாதை எல்லாம் குற்றத்தால காலியானதில்லை, இடிக்கிறதுக்காகக் காலியாக்கினது. 2011ல தொடங்கி 2014க்குள்ள முழுக்க இடிச்சு முடிஞ்சுது. அந்த இடத்தில வந்த புதுக் கட்டடங்களில பழைய வாடகைக்கு ஈடான சமூக வீடு மிகச் சொற்பம். காலியான கட்டடத்தைக் காட்டி ‘பாருங்கோ எவ்வளவு பயங்கரம்’ எண்டு சொல்லுறது எவ்வளவு லேசு! கெய்ன் அந்த வட்டாரத்தில வளந்தவர், அவருக்கு அந்த இடத்தில உரிமை இருக்கு. ஆனா படத்துக்கு அந்தக் கரிசனை இல்லை.

இன்னொரு விஷயம், சுரங்கப்பாதை. கடைசிக் காட்சியில ஹாரி அதுக்குள்ளால நிம்மதியா நடந்து போறார், அதாவது துவக்கு வழியைத் திறந்துபோட்டுது. உண்மையில பக்கத்தில இருக்கிற எலிஃபண்ட் அண்ட் காசில் ரவுண்டானாவுக்குக் கீழ இப்பிடி நடைச் சுரங்கங்கள் இருந்தது. சனம் பயந்தது உண்மை. பயத்துக்குக் காரணம் வடிவமைப்பு: உள்ள இறங்கினா மறுகரை தெரியாது, நடுவில திரும்பி வெளிய வர வழியில்லை, மேல போற காரில இருந்து ஒருத்தரும் உங்களைப் பாக்க மாட்டினம், ஒரு விளக்கை உடைச்சாக் காணும். கமரா போட்டும் பெரிசா மாறேல்லை. பிறகு என்ன செய்தவை? தெற்குப் பக்கத்தை முதலும், வடக்குப் பக்கத்தை 2015-16லயும் மூடி, மேல சிக்னலோட கடவை போட்டினம். கார்க்காரருக்குக் கொஞ்ச நேரம் கூடுதலாப் போகும், அவ்வளவுதான். அறுபதுகளில ‘வாகனத்துக்கு மேல, மனுசருக்குக் கீழ’ எண்டு போட்ட திட்டத்தைத் திருத்த ஒரு மரீனும் தேவைப்படேல்லை.

#8 ஸ்டெதஸ்கோப்

சின்ன இடைச்செருகல். நோயலைத் துரத்தும்போது ஹாரி கால்வாய் ஓரம் சுருண்டு விழுவதைச் சிலர் ‘கதைக்கு வசதியான நோய்’ என்கிறார்கள். ஹாரிக்கு இருப்பது எம்ஃபிசிமா. அதில் நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் சிதைந்துபோயிருக்கும். உள்ளே இழுப்பது பிரச்சினையில்லை, வெளியே விடுவதுதான் முடியாது. வேகமாக மூச்சுவிட விட, பழைய காற்று வெளியேறுமுன் புதியது ஏறி நெஞ்சு ஊதிக்கொண்டே போகும். கோபமோ மன உறுதியோ இதை மாற்றாது. படிக்கட்டில் நிற்பது, பேச்சை இரண்டு துண்டாக விடுவது என்று கெய்ன் முன்பாதியிலேயே இதை வைத்திருக்கிறார். திடீர் நோய் அல்ல.

#9 கடைசிரீல்

குறுக்குவிசாரணை அண்ணே, அந்தக் கைப்பேசி விஷயம் எனக்கு உறைக்கவே இல்லை. நாலு தடவை பார்த்திருக்கிறேன், வெட்கம்.

இதே கேள்வியை நேர்மையாகக் கேட்ட பிரிட்டிஷ் படம் ஒன்று ஐந்து வருடம் முன்பே வந்துவிட்டது, ஷேன் மெடோஸின் ‘டெட் மேன்ஸ் ஷூஸ்’, 2004. டெர்பிஷயரில் மேட்லாக். படைவீரன் ரிச்சர்ட், தம்பிக்கு நடந்த கொடுமைக்குப் பழிவாங்க வருகிறான். அங்கே கும்பல் என்பது ஒரு குட்டிக் காரில் இடித்துப் பிடித்து ஏறும் அசட்டு ஆட்கள். அவர்கள் சமையலறை, அவர்கள் சிரிப்பு, அவர்கள் பயம் எல்லாம் நமக்குத் தெரியும். தேநீரில் போதை கலந்து அவர்களைச் சரிக்கும் இரவைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் பிசைகிறது. கடைசியில் ஒருவனிடம் மனைவி பிள்ளைகளோடு வாழும் வீடு இருக்கிறது. ரிச்சர்ட் அவனைக் கொல்லவில்லை, தன்னைக் கொல்லச் சொல்லிக் கத்தியைக் கொடுக்கிறான். தானே மிருகமாகிவிட்டேன் என்று அவன் வாயாலேயே வருகிறது. பிலிம்சுருள் சொன்ன ‘யாருக்கு வீடு’ சூத்திரத்தை அப்படியே திருப்பிப் போட்ட படம்.

#10 நெத்தியடி

அது நல்ல படம், மறுக்கவில்லை. ஆனால் அதில் அந்தத் தம்பியின் குற்றவாளிகளைப் பற்றி ரிச்சர்டும் போலீஸிடம் போகவில்லையே. அவனுக்கு ஒரு நியாயம், ஹாரிக்கு ஒரு நியாயமா?

எனக்கு இன்னொரு கேள்வி. கடைசியில் சூப்பிரண்டெண்ட் சைல்ட்ஸ் பத்திரிகையாளர் முன்னால் நின்று, தனியாள் யாரும் பழிவாங்கவில்லை என்று சொல்கிறார். ஃப்ராம்ப்டன் பக்கத்தில் வாய் மூடி நிற்கிறார். தன்னைக் காப்பாற்றியவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இது அவர் செய்த தப்பா?

#11 குறுக்குவிசாரணை

ரிச்சர்டுக்கும் அதே நியாயம்தான். அவன் செய்ததும் கொலைகளே. வித்தியாசம், அந்தப் படம் அதை ஒளிக்கவில்லை. ‘அவன் செய்ததற்கு நான் செய்தேன்’ என்ற வாதத்துக்குச் சட்டம் அதே 2009 நவம்பரில் ஒரு வாசலையும் அடைத்தது. தன்கட்டுப்பாடு இழந்து கொன்றால் கொலை நோக்கமில்லாக் கொலையாகக் குறையலாம், ஆனால் யோசித்து எடுத்த பழியாக இருந்தால் கிடையாது என்று புதிய சட்டம் எழுதியே வைத்தது. அமலுக்கு வந்தது 2010 அக்டோபரில்.

வீட்டுக்குள் நுழைந்தவனைத் தாக்கினால் சலுகை இருக்கிறதே என்று யாராவது கேட்பதற்கு முன்: 2013ல் வந்த அந்தத் தளர்வு வீட்டுக்குள் மட்டும். தெருவுக்கு இல்லை, சுரங்கத்துக்கும் இல்லை. படம் திரையில் ஓடிய அதே குளிர்காலத்தில் ஹை விக்கம் வழக்கு தலைப்புச் செய்தி. குடும்பத்தையே கட்டிப்போட்ட கொள்ளையரில் ஒருவனை வீட்டுக்காரர் துரத்திப் போய்த் தெருவில் கிரிக்கெட் மட்டை உடைய உடைய அடித்தார். வீட்டுக்குள் நடந்திருந்தால் தற்காப்பு, வெளியே துரத்திப் போனதால் 30 மாதச் சிறை. 2010 ஜனவரியில் மேல்முறையீட்டில் இரக்கம் காட்டி ஒத்திவைத்த தண்டனையாக மாற்றினார்கள், குற்றத் தீர்ப்பை எடுக்கவில்லை. இரக்கம் தண்டனையில் வரலாம், தீர்ப்பில் வராது. அந்த நீதிமன்றம் செய்ததைப் படம் செய்யத் துணியவில்லை.

ஃப்ராம்ப்டன் விஷயம். வாய் மூடி நின்றாலும் கதை நிற்காது. கடைசிச் சண்டை நடக்கும் மதுக்கடையின் உரிமையாளர் சிட் செத்தது போலீஸ் குறிசூட்டாளரின் குண்டில். போலீஸ் சுட்டுச் செத்தால் அன்றைய விதிப்படி சுயேச்சைப் போலீஸ் புகார் ஆணையத்துக்குப் போயே ஆக வேண்டும், மரண விசாரணையும் ஜூரியோடு நடக்கும். அதே மதுக்கடையில் கிடக்கும் நோயலின் உடம்பில் இருக்கும் குண்டு போலீஸ் துப்பாக்கியினுடையது அல்ல என்று ஆய்வகம் ஒரு பக்கத்தில் எழுதிவிடும். ஃப்ராம்ப்டனைச் சத்தியம் வாங்கிக் கூண்டில் ஏற்றுவார்கள். பேசினால் ஹாரிக்குத் துப்பாக்கி வழக்கும் பின்னாலேயே ஸ்ட்ரெச்சும். பொய் சொன்னால் அவருக்கே பொய்ச்சாட்சி வழக்கு. படம் அந்த அறைக்கு வெளியே முடிந்துவிடுகிறது, நல்ல வேளை என்று.

#12 தேம்ஸ்கரை

மார்க்கியைப் பற்றி ஒண்டு மட்டும். காருக்குள்ள அந்த வியாபாரி அவனை என்ன செய்யிறான் எண்டு ஹாரி தன்ர கண்ணால பாக்கிறார். பாத்த பிறகுதான் அவனைக் கொண்டுபோய்க் கட்டுறார். ஜாக் ஓ’கானல் அந்தக் கட்டில விம்முறதைப் பாத்தா, அவன் கும்பலில கடைசி ஆள் எண்டு விளங்கும். வியாபாரியைச் சுட்டது அவனைக் காப்பாத்தவோ, இல்லை ஒரு இடைஞ்சலை விலத்தவோ?

#13 நெத்தியடி

காப்பாற்றத்தான் என்று எழுத வந்தேன். எழுதமுடியவில்லை. காப்பாற்றியிருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருப்பார், அந்தப் பெண்ணை மட்டும் கொண்டுபோனாரே.

#14 கடைசிரீல்

முதல் பதிவுக்கு ஒரு திருத்தம். ‘ஆறு பேர்’ என்று போட்டிருந்தது. மார்க்கியைச் சேர்க்காமல் எண்ணியிருக்கிறேன், அதை இத்தனை பதிவு வரைக்கும் நான் உட்பட யாரும் கேட்கவில்லை. இப்போது ஏழு.